சர்வர் மறுதொடக்கமானால் கர்னல் விழுவது ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் முப்பது லினக்ஸ் கணினிகள் ஒரு கோப்புச் சர்வரை, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் சிஃப்ஸ் முறையில் மவுன்ட் செய்து (தம் சொந்தக் கோப்புறைபோல் இணைத்து) பயன்படுத்துகின்றன. சர்வரை மறுதொடக்கம் செய்யும் நாட்களில் ஓரிரு கணினிகள் மட்டும் உறைந்துவிடுகின்றன. கர்னல் (லினக்ஸின் மையநிரல்) எழுதிவைத்த பதிவில் 'நல் பாயின்டர்' என்ற பிழையும், முகவரி 0000000000000038 என்பதும், சிஃப்ஸ் மாட்யூலைச் சேர்ந்த ஒரு ஃபங்ஷனின் பெயரும் உள்ளன. அந்த ஃபங்ஷனில், பாயின்டர் சுழியமா என்று பார்க்கும் ஓர் 'இஃப்' சோதனையைச் சேர்த்தால் போதும் என்கிறார் உடன் பணிபுரிபவர். போதுமா?

பதில்: போதாது. ஆனால் முகவரியை மறக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாயின்டர் என்பது நினைவக முகவரியைக் காட்டும் மாறி. அது சுழியம் என்றால் முகவரியும் சுழியமாகத்தானே இருக்க வேண்டும், 38 எங்கிருந்து வந்தது? ஒரு ஸ்ட்ரக்சரின் (பல தரவு உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுதியின்) உறுப்பைப் படிக்கும்போது, ஸ்ட்ரக்சரின் தொடக்க முகவரியோடு அந்த உறுப்பு இருக்கும் தொலைவையும் கூட்டியே பிராசசர் நினைவகத்தை அணுகுகிறது. இங்கே தொடக்கம் சுழியம். தொலைவு பதினாறடிமானத்தில் 38, அதாவது 56 பைட்டு. டீபக் தகவலோடு (மூலநிரலின் பெயர்கள், வரிகள் பற்றிய விவரங்களோடு) உள்ள மாட்யூலின் மீது 'பாஹோல்' கருவியை இயக்கினால், எந்தெந்த ஸ்ட்ரக்சரில் 56ஆவது பைட்டில் எந்த உறுப்பு அமர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முகவரி 33 என்று ஒற்றைப்படையில் வந்திருந்தால் வேறு விதமாக ஐயப்பட்டிருப்பேன்: பிழையைத் தெரிவிக்க ஃபங்ஷன் திருப்பித் தந்த -5 என்ற எண்ணையே பாயின்டர் என்று கொண்டு, அதனோடு 56ஐக் கூட்டினால் 51, அதாவது பதினாறடிமானத்தில் 33 வரும்.

அடுத்து, ஃபங்ஷன் பெயரை அடுத்துக் கூட்டல் குறியோடு வரும் எண்ணைப் பாருங்கள். கர்னல் மூலநிரலோடு வரும் 'டீகோட்_ஸ்டாக்டிரேஸ்' ஸ்கிரிப்ட் அதை மூலநிரலின் வரி எண்ணாக மாற்றித் தரும். ஆனால் விழுந்த அதே கர்னலின், அதே தொகுப்பின் டீபக் கோப்புகளையே அதற்குக் கொடுக்க வேண்டும். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் அழைப்புத் தடத்தில் கேள்விக்குறியோடு தொடங்கும் வரிகளை நம்பி வழிமாறிவிட வேண்டாம். அவை ஸ்டாக்கில் முன்பே கிடந்த எச்சங்களாகவும் இருக்கலாம்.

வரி தெரிந்ததும், அங்கே பாயின்டர் ஏன் சுழியமானது என்ற உண்மையான கேள்வி தொடங்குகிறது. சிஃப்ஸ் டிரைவரில் மூன்று அடுக்குகள் உண்டு: சர்வருடனான டிசிபி இணைப்பு, அதன்மேல் பயனரின் செஷன், அதன்மேல் மவுன்ட் செய்த பகிர்வு. ஒரே இணைப்பைப் பல செஷன்களும், ஒரே செஷனைப் பல பகிர்வுகளும் பயன்படுத்துவதால், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிவைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது சுழியத்தைத் தொட்டதும் ஸ்ட்ரக்சர் விடுவிக்கப்படுகிறது. சர்வர் பதில் தராதபோது 'சிஃப்ஸ்டி' என்னும் த்ரெட் (தனித்து இயங்கும் வேலை இழை) இணைப்பைப் புதுப்பிக்க முயல்கிறது. அதே நொடியில் வேறொரு த்ரெட் பகிர்வை அன்மவுன்ட் செய்யலாம், இன்னொன்று கோப்பை எழுதிக்கொண்டிருக்கலாம். முப்பதில் ஓரிரு கணினிகள் மட்டும் விழுவதும் இத்தகைய போட்டியைத்தான் காட்டுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடவுச்சொல் முதலியவற்றின் தடயம் நினைவகத்தில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, செஷன் ஸ்ட்ரக்சரை டிரைவர் சுழியங்களால் துடைத்துவிட்டே விடுவிக்கிறது. ஆகவே ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட செஷனை ஒரு த்ரெட் படித்தால், அதனுள் இருக்கும் பாயின்டர்கள் எல்லாம் சுழியமாகவே தெரியும். திரையில் நல் பாயின்டர் என்று எழுதியிருந்தாலும், உண்மையில் நடந்தது இறந்துபோன நினைவகத்தைத் தொட்டதாக இருக்கலாம். 'இஃப்' சோதனை அன்று கிராஷைத் தடுக்கும். ஆனால் அதே நினைவகம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டு, அங்கே சுழியம் அல்லாத ஏதோ ஓர் எண் அமர்ந்துவிட்ட நாளில், கர்னல் விழாமல் உங்கள் கோப்பு சிதையக்கூடும். எனக்கு அதுதான் பெரிய அச்சம்.

இதைப் பிரித்தறிய, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் 'கேசான்' வசதியை இயக்கித் தொகுத்த கர்னலில் சோதியுங்கள். விடுவித்த நினைவகத்தைத் தொட்ட கணமே, ஒதுக்கியவர் யார், விடுவித்தவர் யார், தொட்டவர் யார் என்று மூன்று தடங்களையும் அது எழுதித் தரும். கிராஷை வரவழைக்க சர்வரை அணைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சோதனைக் கணினியில் சிஃப்ஸ் பயன்படுத்தும் 445 போர்ட்டின் பாக்கெட்டுகளை ஃபயர்வாலில் கைவிடச் செய்து, ஒருபுறம் கோப்புகளை எழுதியபடியும் மறுபுறம் மவுன்ட், அன்மவுன்ட் என்று மாற்றி மாற்றிச் செய்தபடியும் இருந்தால் போதும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் எக்கோ செய்திகளின் இடைவெளி இயல்பாக 60 நொடி; அதன் மும்மடங்கான 180 நொடி பதில் இல்லாவிட்டால்தான் மறு இணைப்பு தொடங்கும். மவுன்ட் விருப்பத்தில் அதை 1 நொடியாகக் குறைத்தால் காத்திருக்கும் நேரம் பெரிதும் மிச்சமாகும்.

அதே வாசகரின் துணைக்கேள்வி: அப்படியானால் சோதனை வரிகளே வேண்டாமா?

பதில்: வேண்டும், உரிய இடத்தில். 2009இல் லினக்ஸின் 'டன்' நெட்வொர்க் டிரைவரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பாயின்டரைப் பயன்படுத்திய பிறகே அது சுழியமா என்று சோதித்திருந்தார்கள். பயன்படுத்திவிட்டதால் இனி அது சுழியமாக இருக்க முடியாது என்று முடிவுகட்டிய ஜிசிசி கம்பைலர், அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அது பாதுகாப்பு ஓட்டையாக முடிந்தது. அதன்பின் இத்தகைய சோதனைகளைக் கம்பைலர் நீக்காதிருக்கும் விருப்பத்தோடுதான் கர்னல் தொகுக்கப்படுகிறது.

உங்கள் நிலையில் சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலேயே இன்னொரு த்ரெட் புகுந்துவிட முடியும். எனவே பூட்டைப் பிடித்து, செஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, பிடிப்புக் கணக்கை ஒன்று கூட்டிவிட்டுப் பூட்டை விட வேண்டும். வேலை முடிந்ததும் கணக்கைக் குறைக்க வேண்டும். நிரலைத் தொடுவதற்கு முன், அண்மைய நிலைப்பதிப்புக் கர்னலில் இதே சோதனையை ஒருமுறை நடத்திவிடுங்கள். அங்கே விழவில்லை என்றால், திருத்தம் எந்த கமிட்டில் (நிரல் மாற்றப் பதிவில்) வந்தது என்று, பதிவுகளைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் 'கிட் பைசெக்ட்' மூலம் தேடலாம். பத்தாயிரம் கமிட்டுகள் இருந்தாலும் பதினான்கு சோதனைகளுக்குள் முடிந்துவிடும். 2023இல் சிஃப்ஸ் நிரல் 'எஃப்எஸ்/எஸ்எம்பி/கிளையன்ட்' என்ற கோப்புறைக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய வரலாற்றைப் பழைய 'எஃப்எஸ்/சிஃப்ஸ்' என்ற பெயரில் பார்க்க வேண்டும்.