பாலத்தூண் அடியில் பள்ளம்: கான்கிரீட் போட்டால் போதுமா?

கேள்வி: கூடலூர் பக்கம் எங்கள் ஊருக்குள் போகும் ஓடைப் பாலத்தின் நடுத்தூண் அடியில், ஆடி வெள்ளத்துக்குப் பிறகு முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. பச்சைத் தேயிலை ஏற்றிய பிக்கப் தினமும் அதன்மேல்தான் போகிறது. ஊரில் பணம் பிரித்துத் தூணைச் சுற்றி கான்கிரீட் போட நினைக்கிறோம். சரியா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காசையும் கொடுத்து, பள்ளத்தையும் பெரிதாக்கிக்கொள்வீர்கள்.

தூணில் மோதும் தண்ணீரில் ஒரு பகுதி தூணை ஒட்டிக் கீழே இறங்கித் தரையைத் தோண்டுகிறது. பிறகு குதிரை லாடம் போலச் சுழன்று இருபுறமும் ஓடுகிறது. தூண் அகலமாக அகலமாகப் பள்ளமும் ஆழமாகும். மணல் படுகையில் தூணின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்கூட விழும். தரைக்கு மேலே துருத்தி நிற்கும் கான்கிரீட் சட்டை, 1 மீட்டர் தூணை ஒன்றரை மீட்டர் தூணாக்கிவிடும். தூணில் சிக்கிக் கிடக்கும் மூங்கிலும் மரக்கட்டையும் செய்வது இதே வேலைதான். முதலில் அதை அப்புறப்படுத்துங்கள், செலவில்லாத வைத்தியம்.

அப்புறம், அந்த முழங்கால் ஆழத்தை நம்பாதீர்கள். வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது ஆளுயரம் தோண்டியிருக்கலாம். வடியும்போது வந்த மணல் பாதியை மூடியிருக்கும். தண்ணீர் நன்றாகக் குறைந்த நாளில், தண்ணீர் வந்து மோதும் பக்கமாக, 12 மி.மீ. கம்பியைப் பள்ளத்தில் குத்திப் பாருங்கள். 'ணங்' என்று நின்றால் பாறையோ கெட்டித் தரையோ இருக்கிறது. இரண்டு கையால் அழுத்தியதுமே சரசரவென்று இறங்கினால் அது வெள்ளம் கொண்டுவந்த புது மணல். கம்பி இறங்கிய அளவையும் சேர்த்தால்தான் உண்மையான ஆழம்.

ஓடையில் பாலத்துக்கு மேலே புதிதாகத் தடுப்பணை வந்திருக்கிறதா? மணல் அங்கேயே தங்கிவிட, சுமை இல்லாமல் வரும் தண்ணீர் கீழே படுகையை அரிக்கும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு என்பது பழைய கணக்கு. 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படியொரு மழையில் ஒரு ஆள் தூக்கிப் போட்ட கல் எங்கே நிற்கும்?

கான்கிரீட்டுக்குப் பதில் கனமான கல் போடுவதே சரியான வழி, ஆனால் குவித்துப் போடக்கூடாது. பள்ளத்தில் முதலில் சரளை பரப்பி, மேலே கனமான முரட்டுக் கற்களை ஓடைத் தரை மட்டத்துக்கே அடுக்க வேண்டும். சரளை இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியாக மண் உறிஞ்சப்பட்டுக் கற்கள் புதைந்துபோகும். கல்லின் அளவைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லட்டும். கம்பி அளவுகளையும் புகைப்படங்களையும் வைத்து ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கு மனு கொடுங்கள்.

அஸ்திவாரத்துக்கு அடியிலேயே கம்பி நுழைகிறதா? அன்றைக்கே பிக்கப்பை நிறுத்திவிடுங்கள். இலை மூட்டையைத் தலைச்சுமையாகக் கடத்தி, அக்கரையில் ஏற்றிக்கொள்ளலாம்.