காபித்தூள் லேபிளுக்கு எழுத்தை நசுக்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே வறுத்து அரைத்த காபித்தூளை 200 கிராம் பாக்கெட்டாக விற்கிறோம். லேபிளில் கடைப் பெயர் ஆங்கிலத்தில், பழைய அமெரிக்கச் செய்தித்தாள் தலைப்பு மாதிரி தடித்து ஒடுங்கிய செரிஃப் (கோடுகளின் முனையில் சின்னக் கால் வைத்த) எழுத்தில் வர வேண்டும் என்று ஆசை. கையில் இருந்த ஒரு ஃபான்டை போல்டு செய்து, அகலத்தை 65 சதவீதமாகக் குறைத்தேன். திரையில் பரவாயில்லை, அச்சில் அசிங்கமாக இருக்கிறது. கீழே தமிழிலும் பெயர் போட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: அகலத்தைக் குறைத்ததுதான் வினை. செரிஃப் எழுத்துகளில் பொதுவாகச் செங்குத்துக் கோடு தடித்தும் படுக்கைக் கோடு மெலிந்தும் இருக்கும். பக்கவாட்டில் நசுக்கினால் செங்குத்துக் கோடு மட்டும் இளைக்கும். படுக்கைக் கோடு அப்படியே நிற்கும். எழுத்தின் உடம்பு சோனியாகி, கால் மட்டும் வீங்கினாற்போல் ஆகிவிடும். அந்த ஃபான்டுக்குத் தனி போல்டு இல்லையென்றால் மென்பொருள் ஓரமெல்லாம் மை பூசித் தடிக்க வைக்கும். எழுத்துக்குள் இருக்கும், ஏற்கெனவே குறுகிய வெற்றிடம் அதில் அடைபட்டுப் போகும்.

நீங்கள் தேடும் தோற்றத்துக்கு நல்ல உதாரணம் செல்டன்ஹாம். கட்டடக் கலைஞர் பெர்ட்ராம் குட்ஹியூ வரைந்த எழுத்து அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்செழுத்து வார்க்கும் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தில் எழுத்து வடிவமைப்பாளர் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் அதைப் பெரிய குடும்பமாக வளர்த்தார். அதில் போல்டு கண்டென்ஸ்டு, அதாவது தடித்து ஒடுங்கிய வடிவம், தனியாக வரையப்பட்டது, நசுக்கி எடுத்ததல்ல. ஒற்றைப் பத்தி அகலத்துக்குள் நாலு வார்த்தை கூடுதலாக அடங்கும் என்பதால் பத்திரிகைக்காரர்களுக்கு இந்த வகை எழுத்து வசதி. நியூயார்க் டைம்ஸ் 2003இல் தலைப்புகளைச் செல்டன்ஹாமுக்கு மாற்றியபோதும் எழுத்து வடிவமைப்பாளர் மாத்யூ கார்ட்டர் அதைப் புதிதாகத்தான் வரைந்து கொடுத்தார். ஆகவே, பெயரிலேயே ‘போல்டு கண்டென்ஸ்டு’ என்று இருக்கும் ஃபான்டாகத் தேடுங்கள். விற்பனைப் பொருளில் பயன்படுத்த உரிமம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்பது உங்களுக்குப் போதாது.

பழமை வாசனை எங்கிருந்து வருகிறது? ஈய எழுத்து தாளில் அழுந்தும்போது மை ஓரத்தில் பிதுங்கும். கூர்மையான மூலைகள் மழுங்கும். அந்த மழுங்கல் போதும். கீறலும் புள்ளியும் தூவிய ‘பழசு’ எனக்குப் பிடிக்காது. எந்தப் பழைய பிரஸ்காரரும் அழுக்காக அச்சடிக்க ஆசைப்பட்டதில்லை! கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மை உள்ளே பரவி மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். அதனால் எழுத்திடைவெளியைக் கொஞ்சம் தளர்த்தி, அசல் அளவில், அதே கவரில் ஒரு மாதிரி அடித்துப் பாருங்கள்.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தோடு ஒட்ட வேண்டும் என்று தமிழை நசுக்காதீர்கள். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் நெருக்கத்தில் ஒன்றுபோல் ஆகிவிடும். தடிமன் ஒத்துப்போனால் போதும். அகலம் அதன் இயல்பில் இருக்கட்டும். இடம் போதவில்லையா, அளவைக் குறையுங்கள்.

அப்புறம், நிகர எடை, விலை போன்ற கட்டாய விவரங்களுக்கு இந்த ஒடுங்கிய எழுத்தே வேண்டாம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள்படி, அங்கே எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ‘1’ என்ற எண்ணுக்கும் ஒல்லியான ஓரிரு ஆங்கில எழுத்துகளுக்கும் மட்டுமே விலக்கு. எழுத்தின் குறைந்தபட்ச உயரத்தையும் அந்த விதிகளிலேயே பார்த்து, டிசைனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.