ஓவனில் எஃப்3 வந்தால் போர்டு போச்சா?

கேள்வி: அண்ணே, குளச்சலில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன், கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் கையில் இருக்கின்றன. கப்போர்டுக்குள் பதித்த எலெக்ட்ரிக் ஓவன், வாங்கி 4 வருஷம். போட்டதும் நன்றாகத்தான் சூடாகிறது, பத்து நிமிஷத்தில் எஃப்3 என்று காட்டி, கீ கீ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடும். வந்த மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் ஓவனை இயக்குகிற எலெக்ட்ரானிக் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தங்கச்சி. அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று முதலில் உங்கள் ஓவனோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல கம்பெனிகளில் எஃப்3 என்றால் வெப்பத்தை அளக்கிற சென்சாரிடமிருந்து வரும் அளவு சரியில்லை என்று பொருள். அளவு சரியில்லை என்றுதான் போர்டு சொல்கிறது, கெட்டது சென்சாரா, வயரா, நடுவில் இருக்கிற கனெக்டரா என்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது. சென்சார் முழுதாக அறுந்திருந்தால் பெரும்பாலும் போட்ட உடனேயே எஃப்3 வந்துவிடும். சூடானால் வருகிறது, ஆறினால் போகிறது என்றால் கனெக்டருக்குள் எங்கோ ஒரு பின் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அதிலும் குளச்சல்! உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துருவேறி உதிர்கிற ஊர், ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, அந்தச் சின்னப் பின் மட்டும் பளபளவென்று இருக்குமா?

பார்ப்பது எப்படி என்றால், சுவிட்சை அணைத்தால் போதாது, ஓவனுக்குப் போகிற எம்சிபியையே (மெயின் பாக்ஸில் இருக்கிற பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள், நன்றாக ஆறட்டும். உள்ளே பின்சுவரில் மேல்பக்கமாக பென்சிலை விட ஒல்லியாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பெரும்பாலான ஓவன்களில் சென்சார். ஸ்க்ரூவைக் கழற்றி மெதுவாக முன்னால் இழுங்கள். வயரைக் கையை விட்டு நழுவ விட்டீர்களோ, துவாரம் வழியாகப் பின்னால் விழுந்துவிடும், அப்புறம் ஓவனையே வெளியே எடுக்க வேண்டும் (நான் ஒருமுறை எடுத்திருக்கிறேன், முதுகு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது). கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் (எலெக்ட்ரிக் இணைப்புகளைச் சுத்தம் செய்கிற ஸ்ப்ரே) அடித்து, காய்ந்த பிறகு இறுக்கி மாட்டுங்கள். கருகியிருந்தால் கனெக்டரை மாற்றியே ஆக வேண்டும்.

பிரித்த கையோடு மல்டிமீட்டரை 2000 ஓம் அளவில் வைத்து சென்சாரின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். பிடி1000 என்கிற பிளாட்டினம் சென்சார் வகையாக இருந்தால் நம்மூர் வெயிலுக்கு 1,100 ஓம் சொச்சம் காட்ட வேண்டும், சூடேற ஏற அது கூடும். ஒன்றுமே காட்டாவிட்டால் சென்சார் அறுந்துவிட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும். வேறு வகை சென்சாருக்குக் கணக்கு வேறு, சில சூடானால் குறையும், அதனால் மாடல் நம்பரை வைத்துப் பாருங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சென்சார், வயர், கனெக்டர் மூன்றும் சரி என்று ஆன பிறகும் எஃப்3 வந்தால், அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: கரண்ட் போய் வந்த பிறகு ஓவனில் மணி மட்டும் மினுங்குகிறது, சூடாகவே இல்லை. பழுதா? (தக்கலை வாசகர்)

பதில்: மணியைச் சரியாக வைத்தீர்களா? பல ஓவன்கள் கடிகாரத்தை வைக்காமல் சூடே ஆகாது. வைத்துவிட்டும் ஓடவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.