கண்ணில் படாத நாலு அங்குலம்

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார 12 அடிக்கு 10 அடியில் ஒரு கல் தளம் போடப் போகிறோம். இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர், தோண்டி ஜல்லி கொட்டி இயந்திரத்தால் இறுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், மண்ணைச் சமன்செய்து மணல் பரப்பிக் கல் பதித்தால் போதும் என்று பாதி விலை சொல்கிறார். மேலே வரும் கல் இரண்டிலும் ஒன்றுதான். யாரிடம் கொடுப்பது?

பதில்: ஜல்லிக்காரரிடம். ஆனால் அவரிடமும் சில விஷயங்களை எழுதி வாங்கிக்கொண்டு.

வேலை முடிந்த அன்று பார்த்தால் இரண்டு தளமும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் மழைக்கு அப்புறம்தான் தெரியும். தோட்டத்து மேல்மண்ணில் வேர், சருகு, மட்கு எல்லாம் கலந்திருக்கும். செடிக்கு நல்லது, தளத்துக்கு ஆகாது. அவை மக்க மக்க மண் தணியும். நனைந்தால் இளகும், காய்ந்தால் சுருங்கும். மொத்தத் தளமும் ஒரே அளவில் இறங்கினால்கூடப் பரவாயில்லை. அப்படி இறங்காது. ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும், நாற்காலியின் ஒரு கால் ஆடும், கல்லின் விளிம்பு தூக்கிக்கொண்டு காலைத் தட்டும். நானும் ஒரு முறை மணல் மேலேயே பதிக்கச் சொல்லிக் காசை மிச்சம் பிடித்தேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு அத்தனை கல்லையும் பெயர்த்து, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய ஜல்லியைப் போட்டேன். கல்லில் ஒன்றுகூட உடையவில்லை, கூலி மட்டும் இரண்டு தடவை.

சரி, எழுதி வாங்க வேண்டியது என்ன? முதலில் தோண்டும் ஆழம். ஆள் நடந்து உட்காரும் தளத்துக்கு, நிலம் ஓரளவு கெட்டியாக இருந்தால், இறுக்கிய பின் 4 அங்குல ஜல்லிப் படுகை போதும். அதன் மேல் ஒன்றரை அங்குலம் மணல், அதன் மேல் இரண்டரை அங்குலக் கல். ஆக 8 அங்குலம் தோண்ட வேண்டும். களிமண்ணாகவோ கரிசலாகவோ இருந்தால் படுகையை 6 அங்குலமாக்கி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரிக்கச் சொல்லுங்கள். துணி இல்லாவிட்டால் ஈரக் களிமண் மேலேறி ஜல்லிக்குள் புகுந்துவிடும். தோண்டும்போது எங்காவது மண் பொதபொதவென்று இருந்தால், அந்த இடத்தை மட்டும் கெட்டி மண் வரும்வரை தோண்டி ஜல்லியால் நிரப்ப வேண்டும்.

அடுத்தது வாட்டம். 60 அடிக்கு 1 அடி என்ற கணக்கில், உங்கள் 10 அடி அகலத்துக்கு 2 அங்குலம், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். இந்தச் சரிவு மண்ணிலேயே தொடங்கி ஜல்லியிலும் வர வேண்டும். ஜல்லியை மட்டமாகப் போட்டுவிட்டு மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொடுப்பவர்கள் உண்டு. மணல் கனமான பக்கம் பிறகு கண்டிப்பாக இறங்கும். தளத்தின் மேல்மட்டம், வீட்டுச் சுவரில் நிலத்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்கும் மட்டத்துக்கு 6 அங்குலம் கீழே இருக்கட்டும்.

இன்னொன்று, தோண்டிய மண் யார் பொறுப்பு? 120 சதுர அடியை 8 அங்குலம் தோண்டினால் 80 கன அடி. வெளியே வந்ததும் உதிர்ந்து அதைவிட அதிகமாகத் தெரியும். பேச்சில் வராத செலவு இது. கடைசி நாளில்தான் முளைக்கும்.

கேள்வி: கடையில் தூள் கலந்த ஜல்லி, கழுவிய சுத்தமான ஜல்லி என்று இரண்டு காட்டினார்கள். சுத்தமானதுதானே தரமானது? பழைய வீடு இடித்த கட்டடக் கழிவு சும்மா கிடைக்கிறது, அதைப் போடலாமா?

பதில்: இங்கே அழுக்காகத் தெரிவதுதான் சரக்கு. ஒன்றரை அங்குலக் கல்லிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்த, உடைத்த ஜல்லியைக் கேளுங்கள். பெரிய கல்லுக்கு நடுவில் சின்னக் கல், அதற்கு நடுவில் தூள் என்று இடைவெளி அடைந்தால்தான் இறுகும். ஒரே அளவு ஜல்லியில் இடைவெளி அப்படியே நிற்கும். மேலே பரப்பும் மணல் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கும், கூடவே கல்லும். ஆற்றுக் கூழாங்கல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றோடொன்று கவ்வாது.

ஒரு விதிவிலக்கு. மழைநீர் தளத்தின் வழியாகவே நிலத்துக்குள் இறங்க வேண்டும் என்று நீர் ஊடுருவும் வகைத் தளம் போடுபவர்களுக்குத் தூளில்லாத ஜல்லிதான் வேண்டும். அங்கே மணலுக்குப் பதிலாகவும் தூளில்லாத சின்ன ஜல்லிதான் பரப்ப வேண்டும். இரண்டு முறையையும் கலந்தால் இரண்டும் கெடும்.

இடிபாடு சும்மா கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கான்கிரீட் துண்டுகளை மட்டும் பிரித்து, இயந்திரத்தில் உடைத்துச் சலித்தது என்றால் தாராளமாக வாங்கலாம். மரத்துண்டு, ஜிப்சம் பலகை, பிளாஸ்டிக், பாதிச் செங்கல் கலந்த குவியல் என்றால் வேண்டாம். மரம் மக்கும், செங்கல் நொறுங்கும், பெரிய துண்டுகளுக்கு அடியில் பொந்து விழும்.

கேள்வி: 4 அங்குலம் ஜல்லி என்று பேசினோம். இறுக்கிய பிறகு அளந்தால் 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. கேட்டால், "கொட்டும்போது 4 இருந்ததே" என்கிறார். ஏமாற்றா?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் பேசியதுதான் அரைகுறை. கொட்டிய ஜல்லி இறுகும்போது ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். உங்கள் தளம் 12க்கு 10 என்று வைத்துக்கொண்டால், இறுகிய 4 அங்குலத்துக்கு 40 கன அடி வேண்டும், வாங்க வேண்டியது 50. "இறுக்கிய பின் 4 அங்குலம்" என்ற வார்த்தை ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் சண்டைக்கே இடமில்லை. இப்போது கூடுதல் ஜல்லிக்கான விலையை நீங்களும் கூலியை அவரும் ஏற்பதாகப் பேசிப் பாருங்கள். மணல் பரப்புவதற்கு முன்பே அளந்தீர்களே, அது நல்ல காரியம்.

கேள்வி: இறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நாங்களே செய்யலாமா? திமிசுக்கட்டை போதாதா?

பதில்: இரண்டடிப் பாதைக்குத் திமிசு போதும். தளம் என்றால், அதிரும் இரும்புத் தட்டால் இறுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரம்தான். கையால் இடித்து முழுப்பரப்பையும் ஒரே சீராக இறுக்குவது நடக்கிற காரியமில்லை. தோண்டி முடித்து, ஜல்லி வந்து இறங்கிய பிறகு வாடகைக்கு எடுங்கள். இயந்திரம் சும்மா நிற்கும் நாளுக்கும் வாடகை ஓடும். முதலில் தோண்டிய குழியின் அடிமண் மேலேயே ஒரு சுற்று ஓட்டுங்கள். அப்புறம் ஜல்லியை 2 அங்குலம் 2 அங்குலமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் நாலைந்து முறை குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே ஓட்டினால் மேல்பக்கம் மட்டும் இறுகி உங்களை ஏமாற்றும். ஜல்லி வறண்டிருந்தால் பூவாளியால் தெளியுங்கள். ஒரு பிடி ஜல்லியைக் கையில் எடுத்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. குதிகாலால் ஓங்கி மிதித்தும் தடம் விழவில்லை என்றால் இறுகிவிட்டது. காதுக்கு அடைப்பான் மறக்காதீர்கள். தளத்தின் ஓரத்தைத் தாண்டி 4 அங்குலம் ஜல்லி வெளியே நீளட்டும், ஓரக்கல் அதன் மேல்தான் உட்கார வேண்டும்.

கேள்வி: ஜல்லியே வேண்டாம், கான்கிரீட் ஊற்றி அதன் மேல் கல் ஒட்டிவிடலாமே?

பதில்: ஊற்றலாம், ஆனால் அதற்கு அடியிலும் இறுக்கிய ஜல்லி வேண்டும்.