படத்துக்கு ‘மாற்று உரை’ எழுதுவது என்றால் என்ன, எதற்கு?

இணையத்தில் போடும் படத்தில் என்ன இருக்கிறது என்று கூடவே எழுத்தில் சொல்லிவைப்பதுதான் மாற்று உரை. பக்கத்தில் அது வெளியே தெரியாது. பார்வையற்றவரின் போனில் உள்ள திரைவாசிப்பான் செயலி அதை எடுத்து வாய்விட்டுப் படிக்கும்.

அந்தச் செயலி படிப்பது எழுத்தை. படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குப் பெரும்பாலும் வெறும் வண்ணப் புள்ளிகள். ஏற்காடு கோடை விழா நிகழ்ச்சி நிரலை ஒரே படமாகப் போட்டால், தேதி, நேரம், இடம் எல்லாம் போய், பல நேரம் ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்தான் காதில் விழும்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் “அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்” என்று குரல் கொடுத்தால், போர்டு தெரியாதவரும் சரியான இடத்தில் இறங்கிவிடுவார். மாற்று உரை அந்தக் குரல் மாதிரி. அதனால் ‘ஏற்காடு படம்’ என்று எழுதினால் போதாது. ‘கொண்டை ஊசி வளைவில் ஏறும் பஸ், பின்னால் பனிமூட்டம்’ என்று எழுதுங்கள். அறிவிப்பு என்றால் தேதியும் நேரமும் முழுசாக வரவேண்டும். அதில் மட்டும் சுருக்கவே கூடாது.

அப்புறம், ‘திரைவாசிப்பானுக்குத் தமிழ் வராது’ என்று பலர் நினைக்கிறார்கள்; ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக், கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற இரண்டு திரைவாசிப்பான்களுமே யூனிகோடு தமிழை, அதாவது இன்று போனிலும் இணையத்திலும் வழக்கமாகத் தட்டச்சு செய்யும் தமிழை, வாசிக்கும்.