ரேடியேட்டர் மூடியில் 0.9, 1.1 என்று எண் இருப்பது ஏன்? மூடி கெட்டுவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

அந்த எண், மூடி எவ்வளவு அழுத்தம் வரை கூலன்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) அடைத்து வைக்கும் என்பதைச் சொல்கிறது; அதன் அலகு 'பார்' (bar). பாதி தண்ணீரும் பாதி கூலன்டும் கலந்த திரவம் சாதாரணமாக 107 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுதான். கொதித்து நீராவிக் குமிழிகள் வந்துவிட்டால், அவை தொடும் இடத்தில் உலோகத்தின் சூட்டை எடுத்துச் செல்லத் திரவம் இருக்காது.

மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, அழுத்தம் மிஞ்சினால் கூலன்டை ரிசர்வ் டேங்குக்கு விடும். நடுவிலுள்ள சிறியது, எஞ்சின் ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். பலரும் கவனிக்காதது இந்தச் சிறிய வால்வைத்தான். அது அடைத்துக்கொண்டால், வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) உறிஞ்சியதுபோல் சப்பையாகிக் கிடக்கும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, கூலன்ட் கொதித்து முகத்தில் அடிக்கும். ரப்பர் வளையம் இறுகியோ வெடித்தோ இருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், மூடியை மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். அங்கே பள்ளம் இருந்தால் புது மூடியும் கசியும்.

பெரிய எண் போட்ட மூடி எஞ்சினைக் கூடுதலாகக் குளிர்விக்கும் என்பது தவறு. அது கொதிநிலையை மட்டுமே உயர்த்தும், பழைய ஹோஸையும் ரேடியேட்டர் மூட்டுகளையும் பிளந்துவிடவும் கூடும்.