கணவரால் விட முடிந்தது, என்னால் ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு 37 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. நானும் கணவரும் கல்லூரிக் காலத்திலிருந்தே சிகரெட் பிடிப்பவர்கள். பொங்கலன்று இருவரும் சேர்ந்து நிறுத்தினோம். மருந்துக்கடையில் நிகோடின் கம் வாங்கி மென்றோம். அவர் அதன்பிறகு தொடவே இல்லை. நான் மூன்றாவது வாரமே திரும்ப ஆரம்பித்துவிட்டேன். இப்போது தினம் எட்டு, பத்து ஆகிறது. ‘உனக்கு மனவுறுதி போதாது’ என்கிறார். பெண்களால் சிகரெட்டை விடுவது கஷ்டம் என்கிறார்களே, உண்மையா? கருத்தடை மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, கருத்தடை மாத்திரை, அதிலிருந்து தொடங்குகிறேன். 35 வயதைத் தாண்டிய பெண் சிகரெட்டும் பிடித்து, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் எடுத்தால், ரத்தம் உறைந்து மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது. இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள், சிகரெட் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். காப்பர்-டி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை என்று மாற்று வழிகள் இருக்கின்றன. அதற்குள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீரென்று பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கேள்விக்கும் அந்த மாத்திரையில் பாதி பதில் இருக்கிறது. நிகோடினைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. ஈஸ்ட்ரோஜன் அதை முடுக்கிவிடுகிறது. அதனால் பொதுவாகவே ஆண்களைவிடப் பெண்களின் உடலில் நிகோடின் சீக்கிரம் தீர்ந்துபோகும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். உங்கள் கணவருக்குத் தாக்குப்பிடித்த அதே கம் உங்களுக்குப் போதாமல் போயிருக்கலாம். இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்வது நியாயமே இல்லை. இந்தப் பகுதியை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

பெண்களால் முடியாது என்பதும் சரியல்ல. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, கம் கொடுத்துச் செய்த சோதனைகள் பலவற்றில் பெண்கள் பின்தங்கியது உண்மை. ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மக்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. 50 வயதுக்குக் கீழே, முழுதாக விட்டவர்கள் பெண்களில்தான் அதிகம். ஆண்கள் முந்தியது 50க்கு மேல்தான்.

நம் ஊரில் இன்னொரு சுமையும் உண்டு. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்கிறார்கள். பெண்களில் 2 சதவீதம். ஆண் ஒருவர் விட்டால் அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் வரை மெச்சுவார்கள். பெண்ணோ பிடித்ததையும் மறைக்கிறாள், விட்டதையும் மறைக்கிறாள். எரிச்சலும் தூக்கமின்மையும் படுத்துகிற அந்த முதல் சில வாரங்களில் ‘உனக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பதில்கூட இருக்காது. மருத்துவர்களாகிய நாங்களும் பெண்களிடம் இதைக் கேட்பதே இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, இந்த முறை என்ன செய்யலாம்? நிகோடினை வேகமாகக் கரைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்குப் பட்டையைவிட வரெனிக்ளின் மாத்திரை நன்றாகக் கேட்கிறது; பெண்களுக்கு அது நல்ல பலன் தருகிறது. மருத்துவர் சீட்டு வேண்டும். சிகரெட்டை நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, வழக்கமாக 12 வாரம் எடுக்க வேண்டும். குமட்டும், கனவுகள் அதிகம் வரும். சாப்பிட்டபின் ஒரு தம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

கம்தான் வேண்டும் என்றால், அதைப் பபிள்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகக் கடியுங்கள். நாக்கில் சுர்ரென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுரீர் அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, பிறகு மறுபக்கம் ஒதுக்கல். அரை மணி நேரம் இப்படி. காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாயில் நிகோடின் சரியாக ஏறாது.

காபியையும் பாதியாக்குங்கள். சிகரெட் புகை காபியில் உள்ள காஃபீனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. சிகரெட்டை நிறுத்தியதும் அதே இரண்டு காபி நான்கு காபியின் வேலையைச் செய்யும். கை நடுக்கம், படபடப்பு வரும்; சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துத் திரும்பப் பற்றவைத்தவர்கள் பலர்.

அப்புறம் டீ பிரேக். சிகரெட்டின் வாசனை, விரல்களுக்கு நடுவே அது இருக்கும் உணர்வு, கூட நிற்கும் தோழமை ஆகியவை பெண்களை நிகோடினுக்குச் சமமாகவே இழுக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்றாவது வாரம் எந்த இடத்தில், யாரோடு நின்றபோது முதல் சிகரெட்டை வாங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மாதம் அந்தப் பெட்டிக்கடைப் பக்கமே போகாதீர்கள்.

எடை நான்கைந்து கிலோ கூடலாம். முதல் மூன்று மாதம் டயட் எதுவும் ஆரம்பிக்காதீர்கள், மாலை நடை போதும். பசியும் சிகரெட் ஏக்கமும் ஒன்றாக வந்தால் தாங்குவது கடினம்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் முதலில் அந்த மகளிர் மருத்துவர்; வரெனிக்ளின் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.